கூண்டை விட்டு வந்த பிறகு

1995-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 22-ஆம் தேதி, பொழுது விடியும் சமயம். ஜப்பான் தேசத்திலே பூஜி மலையின் அடிவாரத்தில் உள்ள கமிகுயிஷிகி என்ற கிராமத்துக்குள் பெரும் போலீஸ் படை ஒன்று நுழைந்தது. முகத்திலே விஷப்புகையைத் தடுக்கும் மூடி. உடம்பிலே கனத்த அங்கி. இவ்வளவு பந்தோபஸ்துடன் வந்தவர்களில் சிலர் கையில் ஆயுதத்துக்குப் பதிலாக ஒரு பறவைக் கூண்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். கூண்டுக்குள்ளே சின்னஞ்சிறு கானரிக் குருவி. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் ஒரு காலத்தில் கையாண்ட உபாயம் அது. காற்றில் நஞ்சு கலந்திருந்தால் மனிதன் உணர்வதற்கு முன்னால் அந்தப் பறவை சோர்ந்து விழுந்துவிடும்.

இரண்டு நாட்களுக்கு முன்னால்தான், காலையில் ஜனங்கள் ஆபீசுக்குப் போகும் நேரத்தில், டோக்கியோ நகரின் சுரங்க ரயில்களில் ஐந்து வண்டிகளுக்குள் ஸாரின் என்னும் கொடிய நஞ்சு பரவவிடப்பட்டிருந்தது. பைகளில் திரவத்தை அடைத்துக் கொண்டுவந்து, குடையின் கூர்முனையால் குத்தி ஒழுகவிட்டு இறங்கிப் போனார்கள் ஐந்து பேர். 14 உயிர்கள் அதனால் போயின. 6,000-க்கு மேற்பட்டவர்கள் துன்புற்றனர். செய்தது 'ஓம் ஷின்ரிக்யோ' என்ற மதக் கூட்டம். அதன் தலைமையிடத்தைத் தேடித்தான் போலீஸார் குருவிக் கூண்டுடன் போனார்கள்.

அந்தக் காட்சியின் புகைப்படம் உலகத்துப் பத்திரிகைகளில் எல்லாம் வெளிவந்தது. பார்த்தவர்கள் அனைவரும் கூண்டைச் சுமந்துகொண்டு உள்ளே போனவர்களைப் பற்றிப் பேசினார்கள். ஆனால் அந்தக் கட்டடங்களிலிருந்து பிற்பாடு ஒவ்வொருவராக வெளியே வந்தார்களே, அவர்கள் எங்கே போனார்கள்? யார் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்? அடுத்த நாள் காலையில் எழுந்து என்ன செய்தார்கள்? இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

அந்தக் கூட்டத்தில் அப்போது ஜப்பானில் மட்டும் சுமார் 10,000 பேர் இருந்தார்கள். அவர்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் துறவு பூண்டு கூட்டத்தின் கட்டடங்களிலேயே வசித்தவர்கள். துறவு என்றால் நிலம், வீடு, பாங்கியில் இருக்கும் பணம் சகலத்தையும் குருவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தாய் தந்தையரின் தொடர்பையும் அறுத்துக்கொண்டு வருவது. கொலைச் செயல்களில் ஈடுபட்டவர்கள் ஒரு சிறு தொகையினரே. மற்றவர்கள் மூன்று நான்கு மணி நேரமே தூங்கி, குருவின் குரலை ஒலிநாடாவில் கேட்டுக்கொண்டு, அச்சகத்திலும் சமையற்கட்டிலும் உழைத்தவர்கள். செய்தி வெளியானபோது அவர்களிலே பலர் அதை நம்பவே இல்லை. நம்பிய பிறகோ, நிற்பதற்கு இடமில்லை. கையில் காசில்லை; வேலை கொடுப்பாரில்லை; பெயர் தெரிந்தால் வாடகைக்கு வீடு விடுவாரும் இல்லை.

நமக்கும் இந்தக் கதைக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். கூட்டத்தின் பெயரையே பாருங்கள். முதலில் இருப்பது நம்முடைய ஓங்காரம். பின்னால் வரும் ஜப்பானியச் சொல்லுக்குச் சத்திய போதனை என்று பொருள். குருவான ஷோகோ அஸஹாரா 1984-இல் டோக்கியோவில் யோகாசனப் பள்ளி வைத்து ஆரம்பித்தவர். பிறகு பாரத தேசத்துக்கு வந்து, இமயமலையிலே தமக்கு ஞானம் சித்தித்தது என்று சொல்லிக்கொண்டு ஊர் திரும்பியவர். சீடர்களுக்கு மைத்ரேயர், மஞ்சுஸ்ரீ என்ற தோரணையில் வடமொழிப் பெயர்கள். கர்மா, குண்டலினி, சிவன் எல்லாம் அங்கே அன்றாடப் பேச்சு. நம் வீட்டுப் பாத்திரத்திலே வேறொருவர் நஞ்சைக் காய்ச்சியிருந்தார். அது என்ன நஞ்சு என்று பார்ப்பதில் நமக்கும் ஓரளவு கடமை உண்டு.

சேர்ந்தவர்கள் எழுத்தறியாப் பாமரர்களா? அதுதான் இல்லை. ரயிலில் நஞ்சைப் பரப்பிய ஐவரில் ஒருவர் இருதய வைத்திய நிபுணர். மற்ற நால்வரும் விஞ்ஞானமோ பொறியியலோ பயின்றவர்கள். வருஷந்தோறும் பையன்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, நன்றாகப் படித்தால் நல்ல புத்தி தானே வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கும் என்னைப் போன்ற உபாத்தியாயர்களுக்கு இதைப் படிக்கும்போது சற்றே வயிற்றைக் கலக்குகிறது. அந்த ஐவரில் கெனிச்சி ஹிரோஸே என்பவர் வாஸெடா சர்வகலாசாலையில் பௌதிகம் படித்தவர். சிறையிலிருந்து அவர் கல்லூரி மாணவர்களுக்காக ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அஸஹாராவின் புத்தகங்களைப் படிக்கத் தொடங்கிய பிறகு, ஒருநாள் இரவில், தம் தேகத்துக்குள்ளே ஏதோ வெடித்தாற்போல் ஓர் அனுபவம் ஏற்பட்டதாகவும், குண்டலினி விழித்துவிட்டது என்ற முடிவுக்கு வந்ததாகவும் அதில் சொல்லியிருக்கிறார். பௌதிகம் அவரைக் காப்பாற்றவில்லை. கண்ணால் கண்டதை, உடம்பால் உணர்ந்ததை நம்பு என்றல்லவா விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிறது!

இந்தக் கூட்டத்தினின்று பிள்ளைகளை மீட்கும் முயற்சி, நஞ்சு வீச்சுக்கு ஆறு வருஷங்களுக்கு முன்பே ஆரம்பமாகிவிட்டது. 1989-இல் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் சிலர் ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். அவர்களுக்காக வாதாடியவர் த்ஸுத்ஸுமி ஸகமோட்டோ என்ற இளம் வக்கீல். அந்த வருஷம் நவம்பர் மாதத்தில் ஓர் இரவு அவரும் அவருடைய மனைவியும் கைக்குழந்தையும் வீட்டிலிருந்து மாயமாய் மறைந்தார்கள். கூட்டத்தார் அவர்களைக் கொன்று வெவ்வேறு மலைப் பிரதேசங்களில் புதைத்துவிட்டார்கள் என்பது 1995-இல் சடலங்கள் அகப்பட்ட பிறகுதான் ஊர்ஜிதமாயிற்று.

ஸகமோட்டோவின் இடத்துக்கு வந்தவர்களில் ஒருவர் டாரோ டகிமோட்டோ. இவரும் வக்கீலே. இவர் செய்த காரியம் ஒன்று வேடிக்கையானது. அஸஹாரா பத்மாசனத்தில் அமர்ந்தபடியே அந்தரத்தில் மிதப்பது போன்ற ஒரு புகைப்படம் இருந்தது. சீடர்கள் பலரைக் கவர்ந்து இழுத்தது அந்தப் படந்தான். டகிமோட்டோ என்ன செய்தார் தெரியுமா? தாமும் பத்மாசனம் போட்டு, தொடையின் பலத்தால் எம்பிக் குதிக்கப் பழகிக்கொண்டு, எம்பிய கணத்திலே தம்மைப் படம் பிடிக்கச் செய்தார். வக்கீலும் அந்தரத்தில் மிதந்தார்! அந்தப் படத்தைச் சீடர்களுக்குக் காட்டினார். கூட்டத்தாருக்கு இந்த வேடிக்கை ரசிக்கவில்லை. 1994 மே மாதத்தில் அவர் கோர்ட்டுக்கு வந்திருந்த சமயம் பார்த்து அவருடைய மோட்டார் வண்டியில் ஸாரினை ஊற்றினார்கள். கண் இருண்டு போன நிலையிலும் அவர் உயிர் பிழைத்தார்.

இந்த டகிமோட்டோவின் துணையுடன்தான், 1995-இல், கூட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் தங்களுக்குள்ளே ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'கானரியா நோ காய்', அதாவது கானரிச் சங்கம். சங்கத்துக்கென்று ஒரு சிறு பத்திரிகையும் உண்டு. முந்தாநாள் வரை ஒரே கட்டடத்தில் ஒருவரோடொருவர் மனம் விட்டுப் பேசுவதற்கே அஞ்சியிருந்தவர்கள், இப்போது ஓர் அறையில் உட்கார்ந்து, எப்படிச் சேர்ந்தோம், எதை நம்பினோம், எப்போது முதல் சந்தேகம் வந்தது என்பதைப் பேசவும் எழுதவும் தொடங்கினார்கள்.

பேசி என்ன பிரயோஜனம்? தப்பி வந்தாயிற்று, இனி மறந்துவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதானே என்று நமக்குத் தோன்றும். இதற்கு விடை ஜப்பானுக்கு முன்பே அமெரிக்காவில் கிடைத்திருந்தது. கலிபோர்னியாவில் மார்கரெட் ஸிங்கர் என்ற மனோதத்துவ நிபுணர் 1970-களின் பிற்பகுதியில் இத்தகைய வாராந்தரக் கூடுகைகளை நடத்திவந்தார். அந்நாளில் அமெரிக்கா எங்கும் புதுப் புது மதக் கூட்டங்கள் முளைத்து, கல்லூரிப் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தன. அவற்றை விட்டு வந்தவர்கள் ஸிங்கர் அம்மையாரின் கூடுகைகளிலே சொன்னவற்றைத் தொகுத்து அவர் 1979-இல் எழுதிய கட்டுரை ஒன்று, இந்த விஷயத்தில் இன்றும் எல்லாரும் எடுத்துப் பார்க்கும் ஒன்றாக இருக்கிறது.

வந்தவர்களுக்கு முதற் கஷ்டம், தீர்மானம் செய்வது. எழுந்திருப்பது முதல் படுப்பது வரை எதை உண்பது, எதை உடுப்பது, யாரோடு பேசுவது என்பதைப் பிறர் சொல்லக் கேட்டே வருஷக் கணக்கில் வாழ்ந்துவிட்டார்கள். இப்போது எந்தச் சட்டையைப் போட்டுக்கொள்வது என்பதே பெரிய பிரச்னையாகி, திகைத்து நிற்கிறார்கள். சிலருக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் படித்து முடிப்பதே பிரயாசை. இன்னும் சிலருக்கு ஒரு பாட்டோ, பழக்கமான ஒரு சொல்லோ காதில் விழுந்தால் போதும். நடுத் தெருவிலே பழைய தியான மயக்கம் வந்து கவிந்துகொள்ளும். தமக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நடுங்குவார்கள். அதே கூடுகையில் பக்கத்து நாற்காலியில் இருப்பவர், 'எனக்கும் அப்படித்தான். இப்போது குறைந்துவிட்டது' என்று சொல்லும் அந்த ஒரு வார்த்தை, வைத்தியருடைய ஆயிரம் வார்த்தைகளுக்கு ஈடு. பெரும்பாலோர் பழைய நிலைக்கு வர ஆறு மாதம் முதல் பதினெட்டு மாதம் வரை ஆயிற்று என்று ஸிங்கர் எழுதுகிறார்.

குற்ற உணர்ச்சி ஒரு பக்கம். வீதியில் நின்று பொய் சொல்லிப் பணம் வசூலித்தோமே, நாம் அழைத்து வந்த சிநேகிதன் இன்னும் உள்ளே இருக்கிறானே என்ற எண்ணம் அவர்களைத் தின்கிறது. ஆனால் இதைக் காட்டிலும் சொல்லுவதற்குக் கூச்சமான வேதனை ஒன்று உண்டு. உள்ளே இருந்தபோது உலகத்தை ரட்சிக்கப் பிறந்த சிலரில் தானும் ஒருவன். வெளியே வந்தால் வேலையில்லாத ஓர் இளைஞன். நேற்று வரை விடிவதற்கு முன் எழுந்து உழைத்ததற்கு ஓர் அர்த்தம் இருந்தது. உயிருக்கு உயிரான தோழர்கள் இருந்தார்கள். அவர்களை எல்லாம் ஒரே நாளில் இழந்தாயிற்று. இழவு வீட்டுத் துக்கந்தான் இது. ஆனால் துக்கம் விசாரிக்க ஒருவரும் வருவதில்லை. 'நல்ல வேளை, தப்பித்தாய்' என்று கை குலுக்கத்தான் வருகிறார்கள். அந்த வாழ்வில் நல்லதும் இருந்தது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாலோ, தாயாரின் முகம் வெளுத்துவிடுகிறது.

அதைச் சொல்லக்கூடிய ஒரே இடம், அதே வழியாக வந்தவர்கள் கூடியிருக்கும் அறைதான். அங்கே எவரும் பதறுவதில்லை. நல்லது எது, நஞ்சு எது என்று நிதானமாகப் பிரித்துப் பார்க்க அங்கே முடிகிறது.

ஓம் கூட்டத்தாரின் விஷயத்தில் இந்தப் பிரித்தல் இன்னும் கடினமாக இருந்தது. ஏனெனில் அவர்களில் பலர் உண்மையிலேயே ஏதோ அனுபவித்திருந்தார்கள். தூக்கமின்மையாலும், மூச்சுப் பயிற்சியாலும், கடைசி வருஷத்தில் தங்களுக்கே தெரியாமல் கொடுக்கப்பட்ட மயக்க மருந்துகளாலும் ஒளியைக் கண்டார்கள். உடலை விட்டுப் பறந்தார்கள். நாவலாசிரியர் ஹாருகி முரகாமி, நஞ்சு வீச்சில் துன்புற்றவர்களைக் கண்டு பேசி ஒரு புத்தகம் எழுதிவிட்டு, அதன் பிறகு கூட்டத்தில் இருந்தவர்களையும் விட்டு வந்தவர்களையும் கண்டு 1998-இல் மற்றொரு புத்தகம் வெளியிட்டார். சேர்ந்ததற்காக வருந்துகிறீர்களா என்று கேட்டதற்கு, ஏறக்குறைய எல்லாருமே இல்லை என்றுதான் சொன்னார்களாம். கேட்பதற்குத் திடுக்கிடுகிறது. ஆனால் 'நீ கண்டதெல்லாம் பொய்' என்று அடித்துப் பேசுகிறவனிடம் அப்படிப்பட்ட ஒருவன் மேற்கொண்டு என்ன பேசுவான்? அனுபவம் நிஜம், அதற்குக் குரு சொன்ன வியாக்கியானந்தான் பொய் என்று அவனாகவே காண வேண்டும். அந்த அனுபவத்தைத் தானும் அடைந்து, பிறகு கடந்து வந்தவன் சொன்னால்தான் அது காதில் ஏறும்.

வார்த்தைகளின் விஷயமும் அப்படித்தான். 'போவா' என்பது திபெத்திய பௌத்தத்திலே மரண காலத்தில் பிரக்ஞையை மேலான நிலைக்கு மாற்றுவதைக் குறிக்கும் சொல். ஓம் கூட்டத்தின் மேல்மட்டத்திலே அது கொலை என்று பொருள்பட்டது. கொன்றால் கொலை, 'போவா' செய்தால் அவன் ஆத்மாவுக்கு உபகாரம்! ஒருவனை வதைத்தால், அது அவனுடைய கர்மாவைக் கழிப்பது. இவ்விதம் ஒரு கூட்டம் தனக்கென்று ஒரு பாஷையைச் செய்துகொண்டு, அதற்கு வெளியே சிந்திக்க முடியாதபடி அடைத்துவிடுவதை ராபர்ட் லிப்டன் என்ற அமெரிக்க மனோவைத்தியர் 1961-லேயே, சீனச் சிறைகளிலிருந்து வந்தவர்களை ஆராய்ந்து எழுதியிருந்தார். ஓம் கூட்டத்தை விட்டு வந்தவர்களையும் அவர் பிற்பாடு கண்டு பேசினார். இப்படி அடைபட்டவர்கள் வெளியே வந்தபின் செய்ய வேண்டிய முதற் பயிற்சிகளில் ஒன்று, பழைய சொல்லை விட்டுவிட்டு நடந்ததைச் சாதாரணப் பேச்சிலே சொல்லிப் பார்ப்பது. 'கர்மா கழிந்தது' என்பதற்குப் பதிலாக 'என்னை அடித்தார்கள்' என்று சொல்வதற்கு நாக்கு எழ வெகு நாளாகிறது.

இனிப் பெற்றோர் விஷயம். பிள்ளை திரும்பி வந்துவிட்டான். வீட்டார் அவனைக் கண்ணை இமை காப்பது போல் காக்கிறார்கள். ஜன்னலைப் பார்த்தபடி சற்று நேரம் சும்மா உட்கார்ந்தால், 'மறுபடியும் அந்த நினைவா?' என்கிறார்கள். தபாலைப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஸிங்கரின் கூடுகைகளுக்கு வந்தவர்கள் இதைத்தான் கண்ணாடித் தொட்டியிலே மீனாக இருப்பதுபோல் இருக்கிறது என்று சொல்லி அலுத்துக்கொண்டார்கள். அன்பினால் செய்வதுதான், ஆனால் ஒருவருடைய கண்காணிப்பிலிருந்து தப்பி இன்னொருவருடைய கண்காணிப்புக்கு வந்த கதையாகிறது. 'படித்த நீ எப்படி ஏமாந்தாய்?' என்ற கேள்வி இன்னும் மோசம். அதற்கு அவனிடம் விடை இருந்தால் அவன் ஏன் போயிருக்கப் போகிறான்?

பலாத்காரமும் நடந்திருக்கிறது. பெற்றோர் ஆட்களை அமர்த்திப் பிள்ளைகளைத் தூக்கி வந்து, அறையில் பூட்டிவைத்து, மனசு மாறும் வரையில் வாதாடும் வழக்கம் அமெரிக்காவில் ஒரு காலத்தில் பரவியிருந்தது. ஜப்பானில், கொரியாவிலிருந்து வந்த யூனிபிகேஷன் சர்ச்சைச் சேர்ந்த ஒருவரை அவருடைய குடும்பத்தார் பன்னிரண்டு வருஷங்களுக்கு மேல் வீட்டிலே அடைத்துவைத்திருந்தார்கள். அவர் கொள்கையை விடவும் இல்லை. வெளியே வந்து வழக்குத் தொடுத்தார். 2015-இல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு அவருக்கு நஷ்ட ஈடு கொடுக்கும்படி கூறிய தீர்ப்பை ஊர்ஜிதம் செய்தது. நாம் பேசும் சங்கங்கள் இதற்கு நேர்மாறானவை. இங்கே கதவு திறந்தே கிடக்கும். வர இஷ்டமானவர் வரலாம். ஒருவாரம் வந்துவிட்டு மறுவாரம் வராமல் இருக்கலாம்.

அறிஞர்களுக்குள்ளே இந்த விஷயத்தில் பெரிய வழக்கு உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மனசை ஒருவன் முற்றிலும் வசப்படுத்த முடியும் என்ற கொள்கையைப் பலர் ஒப்புக்கொள்வதில்லை. இங்கிலாந்தில் ஐலீன் பார்க்கர் என்ற சமூக சாஸ்திர நிபுணர் மேற்படி யூனிபிகேஷன் சர்ச்சைப் பல வருஷம் ஆராய்ந்து 1984-இல் ஒரு புத்தகம் எழுதினார். அவர்களுடைய பயிற்சி முகாமுக்குப் போனவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் சேரவே இல்லை. சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் இரண்டொரு வருஷங்களில் தாங்களாகவே விலகிவிட்டார்கள் என்று கண்டார். 1987-இல் அமெரிக்க மனோதத்துவ சங்கமும், ஸிங்கர் தலைமையில் தயாரான ஓர் அறிக்கையை, சாஸ்திரீய ஆதாரம் போதாது என்று ஏற்க மறுத்தது. ஸிங்கரின் கூடுகைகளுக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் முழுவதும் தம் இஷ்டப்படி வெளியேறியவர்கள் அல்ல. கோர்ட்டு உத்தரவின்மேல் குடும்பத்தார் வசம் ஒப்புவிக்கப்பட்டவர்கள். தாமாகவே சத்தமின்றி விலகிப் போனவர்களுக்கு இவ்வளவு கஷ்டம் இருந்திருக்குமா என்பது நியாயமான கேள்விதான். என்னைக் கேட்டால், சேர்த்தது வசியமோ, ஆசையோ, எதுவாயினும் இருக்கட்டும். இரவில் தூக்கம் வராமல் தவிப்பவனுக்கு அந்த வழக்கின் தீர்ப்பு வரும் வரையில் காத்திருக்க முடியாது. பார்க்கர் அம்மையாரே 1988-இல் லண்டனில், இத்தகைய கூட்டங்களைப் பற்றி விசாரிக்கும் குடும்பத்தாருக்கு நிதானமான தகவல் தருவதற்காக ஒரு ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார் என்பது கவனிக்கத் தக்கது.

திரும்பி வருகிறவர்களுக்கு ஒரு பாக்கியம் உண்டு. சேர்வதற்கு முன்னால் இருந்த 'நான்' என்று ஒன்று அவர்களுக்கு இருக்கிறது. பழைய சிநேகிதன், பழைய விளையாட்டு, பழைய புத்தகம் எதையாவது பற்றிக்கொண்டு எழுந்திருக்கலாம். அங்கேயே பிறந்தவர்கள், குழந்தையிலேயே அழைத்துச் செல்லப்பட்டவர்கள் கதி என்ன? 1995 ஏப்ரலில் கமிகுயிஷிகியிலிருந்து 53 குழந்தைகளைச் சர்க்கார் அதிகாரிகள் மீட்டுக் கொண்டுவந்தார்கள். குருவின் மூளை அலைகளைச் சீடனுக்குள் செலுத்துவதாகச் சொல்லி மின்சாரக் கம்பிகள் பொருத்திய தலைக்கவசம் ஒன்றை அந்தக் கூட்டத்தார் மாட்டிக்கொள்வது வழக்கம். குழந்தைகள் தலையிலும் அது இருந்தது. இவர்கள் எதற்குத் திரும்புவது?

இந்தக் கேள்வி ஜப்பானில் வெகுகாலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 2022 ஜூலை 8-ஆம் தேதி முன்னாள் பிரதம மந்திரி ஷின்ஸோ ஆபே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவனுடைய தாயார் யூனிபிகேஷன் சர்ச்சுக்குச் சுமார் 10 கோடி யென் கொடுத்துக் குடும்பத்தையே வறுமையில் ஆழ்த்தினாள் என்பது வெளியாயிற்று. கொலையை எவரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அதன் பிறகுதான், மதக் கூட்டங்களிலே பிறந்து வளர்ந்த 'இரண்டாந் தலைமுறை' என்ற வார்த்தை ஜப்பானில் எல்லார் வாயிலும் அடிபட்டது. அந்தத் தலைமுறையினர் தங்கள் கதையைப் பகிரங்கமாகச் சொல்ல முன்வந்தார்கள். அதே வருஷம் டிசம்பரில், பயமுறுத்தி நன்கொடை வாங்குவதைத் தடுக்கச் சட்டம் வந்தது. 2025 மார்ச்சில் டோக்கியோ ஜில்லாக் கோர்ட்டு அந்தச் சர்ச்சைக் கலைக்கும்படி உத்தரவிட்டது. சட்டம் பணத்தை ஓரளவு திரும்பக் கொடுக்கலாம். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடு சேராமல் ஒதுங்கி நின்ற பத்து வருஷங்களைக் கோர்ட்டு எங்கிருந்து கொண்டுவரும்? அதைப் பற்றிப் பேச வேண்டுமானால் அப்படி ஒதுங்கி நின்ற வேறொருவரிடந்தான் பேச வேண்டியிருக்கிறது.

பெற்றோர் சங்கத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். ஸகமோட்டோ மறைந்த பிறகும் அந்தச் சங்கத்தை அஞ்சாமல் நடத்தியவர் ஹிரோயுகி நகவோக்கா. அவருடைய மகனும் ஓம் கூட்டத்தில் சேர்ந்திருந்தவன், பிறகு மீண்டுவிட்டான். மகன் வீடு வந்து சேர்ந்த பிறகும் தகப்பனார் சங்கத்தை விடவில்லை. மற்றவர்கள் பிள்ளைகள் இன்னும் உள்ளே இருந்தார்கள் அல்லவா? 1995 ஜனவரி 4-ஆம் தேதி டோக்கியோவில் தெருவிலே நடந்துகொண்டிருந்தவர் மீது கூட்டத்தார் பின்னாலிருந்து வி.எக்ஸ். என்ற நஞ்சைப் பீச்சினார்கள். பல நாள் பிரக்ஞையின்றிக் கிடந்து அவர் பிழைத்தார். அதன் உபாதை பிற்காலத்திலும் அவரை விடவில்லை.

வழக்குகள் நடந்து முடிந்து, அஸஹாராவுக்கும் அவருடைய சீடர்கள் பன்னிருவருக்கும் மரண தண்டனை உறுதியாயிற்று. அந்தச் சீடர்களை விட்டுவிடுங்கள் என்று நகவோக்கா மன்றாடினார். அவர்களும் தம் மகனைப்போல் ஏதோ ஒரு வீட்டிலிருந்து போன பிள்ளைகளே என்பது அவருடைய எண்ணம். உயிரோடு இருந்தால் மனம் தெளிந்து, மற்றவர்களுக்கு வழியில் உள்ள பள்ளத்தைக் காட்டுவார்கள் என்று இந்தத் துறையில் உழைத்தவர்கள் வாதாடினார்கள். 1995-இல் வக்கீல்களும் மனோதத்துவ நிபுணர்களும் மத போதகர்களும் சேர்ந்து ஏற்படுத்திய மீட்புச் சங்கமும் அதையே சர்க்காரிடம் கேட்டுக்கொண்டது. டகிமோட்டோவும் கேட்டார். சுரங்க ரயிலில் உறவினரை இழந்தவர்களின் மனம் இதை எப்படி ஏற்கும் என்பதும் யோசிக்க வேண்டிய விஷயமே. நகவோக்காவின் மேல் நஞ்சு வீசுவதற்குத் திட்டமிட்டவர்களும் அதைக் காய்ச்சியவர்களும் அந்தப் பன்னிருவரிலே இருந்தார்கள். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

2018 ஜூலை 6-ஆம் தேதி அஸஹாராவும் சீடர்களில் அறுவரும் தூக்கிலிடப்பட்டார்கள். எஞ்சிய அறுவரும், மாணவர்களுக்குக் கடிதம் எழுதிய ஹிரோஸே உட்பட, அதே மாதம் 26-ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார்கள்.